கணவாயில் நின்ற பேருந்து: பீதி நோய்க்கு ஆளான ஓட்டுநர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வை எழுத சம்பந்தப்பட்டவரும் அவருடைய மனைவியும் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் அடையாளம் காணாதிருக்க வயது, குடும்பம், பணி பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் என்ற முறையில் எழுதுகிறேன். உளவியல் சிகிச்சையை நடத்தியவர் எங்கள் மருத்துவமனையின் உளவியலாளர்.

பின்னணி

அவருக்கு அப்போது 41 வயது. பதினான்கு ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுநர். பெரிய விபத்து எதுவும் அவர் பணிப் பதிவேட்டில் இல்லை. மதுரையிலிருந்து தேனி செல்லும் வழித்தடம். செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டி, கணவாய் ஏறி இறங்கினால் ஆண்டிப்பட்டி, அதன்பின் தேனி. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த சாலை அது.

அவருடைய தந்தை 52 வயதில் மாரடைப்பால் இறந்தவர். முதல் பீதித் தாக்குதலுக்குச் (பேனிக் அட்டாக்) சுமார் ஐந்து வாரம் முன்பு, அதே பணிமனையில் வேலை செய்த, இவரைவிடச் சற்றே மூத்த ஓட்டுநர் ஒருவர் பணியில் இருக்கும்போதே நெஞ்சு வலி வந்து உயிரிழந்தார். வண்டியை ஓரம் கட்டிய பிறகு ஸ்டீயரிங்கில் சாய்ந்தவர் எழவே இல்லை. மருத்துவமனையிலிருந்து மயானம் வரை உடனிருந்தவர் நம்மவர்தான். பணிமனையில் பல நாள் அதே பேச்சு. அடுத்தது யாரோ என்ற சொல்லைக்கூட யாரோ விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மற்றவை எல்லாம் வழக்கமான சுமைகள்: விடியற்காலைப் பணி, ஐந்து மணி நேரத்தைத் தாண்டாத தூக்கம், நாளுக்கு எட்டு ஒன்பது தேநீர், ஐந்தாறு சிகரெட், வீட்டுக் கடன், பிளஸ் டூ படிக்கும் மகள். இவற்றில் எதையும் தனியே எடுத்து நோய்க்குக் காரணம் என்று கைகாட்ட முடியாது. தந்தையின் மரணமும் நண்பரின் மரணமும் நெஞ்சில் எழும் எந்தச் சிறு உணர்வையும் கூர்ந்து கவனிக்கும் பழக்கத்தை அவரிடம் உண்டாக்கியிருந்தன. தூக்கமின்மையும் தேநீரும் சிகரெட்டும் அப்படிக் கவனிக்க ஏராளமான படபடப்பைத் தந்துகொண்டிருந்தன.

முதல் தாக்குதல்

ஏப்ரல் மாத நண்பகல். பேருந்து நிறைய ஆட்கள். கணவாய் ஏற்றத்தில் நெஞ்சில் ஒரு துடிப்பு தவறியதுபோல இருந்தது என்கிறார். அடுத்த நொடியில் இதயம் வேகமாக அடித்தது, வேர்த்துக் கொட்டியது, இடது கை மரத்தது. இரு கை விரல்களும் ஸ்டீயரிங்கைப் பிடித்த நிலையிலேயே விறைத்துப்போயின. மூச்சுப் போதவில்லை. கண் முன்னே இருக்கும் சாலை தன்னோடு தொடர்பில்லாத ஏதோ படம்போலத் தெரிந்தது. தான் சாகப்போவது உறுதி என்று தோன்றியதாகவும், பின்னால் இருப்பவர்களையும் சேர்த்துக் கொன்றுவிடுவோமோ என்ற எண்ணம் அதைவிடப் பயங்கரமாக இருந்ததாகவும் சொன்னார்.

அந்த நிலையிலும் அவர் செய்ததைக் குறிப்பிட வேண்டும். இண்டிகேட்டர் போட்டு, அகலமான இடம் பார்த்து, வண்டியை ஓரம் கட்டி, கை பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இறங்கினார். பிறகு சிகிச்சையில் இந்தத் தகவல் மிகவும் பயன்பட்டது.

நடத்துநர் அவரைப் படிக்கட்டில் உட்கார வைத்து, “மூச்சை நன்றாக இழுத்து இழுத்து விடுங்கள் அண்ணே” என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் விரல்களின் விறைப்பு இன்னும் கூடியது. 108 ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனை சேர்வதற்குள் பாதி அடங்கிவிட்டது. இசிஜி, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை இரண்டும் சீராக இருந்தன. ரத்த ஆக்சிஜன் 99 சதவீதம். இரவு வரை வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

அன்று அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றது முழுக்கச் சரி. புகைப்பழக்கமும் குடும்பத்தில் மாரடைப்பு வரலாறும் உள்ள 41 வயது ஆணுக்கு முதல்முறை நெஞ்சு இறுக்கம் வந்தால், அதைப் பீதி என்று யாரும் வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது.

நான்கு மாத அலைச்சல்

பத்து நாளில் இரண்டாவது தாக்குதல், வீட்டில், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது. அதன்பின் வாரத்துக்கு இரண்டு மூன்று. தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுப்பும் தாக்குதல்களும் வந்தன. ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு, இன்னொரு இசிஜி. இதய மருத்துவர் எக்கோவும் டிரெட்மில் பரிசோதனையும் செய்தார். எல்லாம் சீர். வயிற்று வாயு என்றார் ஒருவர். எண்டோஸ்கோபி செய்யச் சொன்னார் இன்னொருவர். பெரும்பாலோர் சொன்னது ஒன்றுதான்: “உங்களுக்கு ஒன்றுமில்லை, டென்ஷன், ஓய்வெடுங்கள்.”

அந்த வாக்கியம் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் நிம்மதி தந்தது. மறுநாள் அதுவே பாரமானது. ஒன்றுமில்லை என்றால் கை ஏன் விறைக்கிறது, நெஞ்சு ஏன் இப்படி அடிக்கிறது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் கிடைக்கவில்லை. கண்டுபிடிக்க முடியாத ஏதோ நோய் என்றோ, தான் நடிப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள் என்றோ அவர் எண்ணத் தொடங்கினார். குடும்பத்தார் பாண்டி கோயிலுக்கு நேர்ந்துகொண்டார்கள். கோரிப்பாளையம் தர்காவில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். அவற்றால் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது என்றே சொன்னார். அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் எண்ணம் எங்களுக்கு எந்தக் கட்டத்திலும் இருக்கவில்லை.

கவலைக்குரியவை இரண்டு. தெரு முனை மருத்துவர் ஒருவர் சில நாளுக்கென்று எழுதித் தந்த, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டியே வாங்கி, காலையும் இரவும் விழுங்கிக்கொண்டிருந்தார். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் பேருந்தை எடுத்தார். அது மருந்து விதிகளின் அட்டவணை எச்1இல் உள்ள மருந்து. சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். இரண்டாவது, நண்பர் ஒருவர் தந்த, மாரடைப்புக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை. அது ரத்தக் குழாய்களைத் தளர்த்தி ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும், தலை கனக்கும். பீதியில் இருப்பவர் அதை வைத்தால் பீதி கூடத்தான் செய்யும். அவர் நான்கைந்து முறை வைத்திருந்தார்.

எங்களிடம் அவரை அனுப்பியவர் ஓர் அவசரப் பிரிவுப் பணி மருத்துவர். இளம் வயதினர். நோயாளியின் பையில் இருந்த பழைய இசிஜி தாள்களைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்து, “உங்களுக்கு இருப்பது உண்மையான நோய்தான், அதற்கு வேறு துறையில் சிகிச்சை இருக்கிறது” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நான்கு மாதத்தில் அவர் கேட்ட முதல் பயனுள்ள வாக்கியம் அது.

மதிப்பீட்டில் கண்டவை

மனைவியோடு வந்தார். கதவுக்குப் பக்கத்து நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். மடியில் மஞ்சப்பை, அதற்குள் தேதி வாரியாக அடுக்கிய இசிஜி தாள்கள், தண்ணீர் பாட்டில். பேசும் நேரமெல்லாம் வலது கை விரல்கள் இடது மணிக்கட்டில் நாடியைத் தொட்டபடியே இருந்தன. அவர் சொன்ன முதல் வாக்கியம்: “ஐயா, நான் நடிக்கவில்லை.”

தாக்குதல் ஒவ்வொன்றும் சில நிமிடத்தில் உச்சத்தை எட்டி, அரை மணிக்குள் தணிந்திருந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் வந்தவை பல. இடைப்பட்ட நேரத்தில் அடுத்தது எப்போது என்ற ஓயாத அச்சம். இந்த மூன்றும், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்ததும் சேர்ந்து பீதி நோய் என்ற கணிப்புக்கு இட்டுச் சென்றன. பேச்சு வழக்கில் பேனிக் அட்டாக் என்பது இந்தத் தனித் தாக்குதலைத்தான். அது வாழ்வில் ஓரிரு முறை யாருக்கும் வரலாம். அது திரும்பத் திரும்ப வந்து, அதைப் பற்றிய அச்சம் வாழ்க்கையைச் சுருக்கத் தொடங்கும்போதுதான் நோய் என்கிறோம்.

அவர் வாழ்க்கை எப்படிச் சுருங்கியிருந்தது என்பதை வழித்தடத்தைப் பற்றிக் கேட்டபோது தெரிந்துகொண்டோம். முன்பு நிறுத்தங்களாலும் தேநீர்க் கடைகளாலும் நினைவில் இருந்த சாலை, இப்போது மருத்துவமனைகளால் ஆன வரைபடமாக மாறியிருந்தது. உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கு இத்தனை நிமிடம், ஆண்டிப்பட்டிக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கணவாய்தான் அவருக்கு எமன். அந்தப் பகுதியில் மனைவி தொலைபேசி இணைப்பில் இருக்க வேண்டும்; நடத்துநர் பேசிக்கொண்டே வர வேண்டும். திருமண மண்டபம், திரையரங்கு, கோயில் கூட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். மாடிப்படி ஏறுவதையும் மனைவியோடு நெருங்குவதையும்கூட, இதயம் வேகமாக அடிக்கும் என்பதற்காகவே தவிர்த்தார். இதைச் சொல்ல அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

தற்கொலை எண்ணம் இல்லை. மது எப்போதாவதுதான், முதல் தாக்குதலுக்குப் பின் தொடவில்லை. மனச்சோர்வு இலேசாக இருந்தது. பீதி நோயின் தீவிரத்தை அளக்கும் ஏழு கேள்வி அளவுகோலில், உச்ச மதிப்பு 28க்கு அவர் பெற்றது 18.

இத்தனை பரிசோதனை நடந்தும் செய்யப்படாமல் விடுபட்டவை இருந்தன. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். இதயத் துடிப்பு திடீரென ஓட்டமெடுக்கும் சில கோளாறுகள், தாக்குதல் இல்லாத நேரத்து இசிஜியில் தெரியாமல் போகும். ரத்தப் பரிசோதனைகள் செய்தோம், சீராக இருந்தன. ஓட்டுநர் என்பதால் 24 மணி நேர ஹோல்ட்டர் பதிவையும் (உடலில் மாட்டிய சிறு கருவி எடுக்கும் தொடர் இசிஜி) இதய மருத்துவரிடம் கேட்டு வாங்கினோம். அந்த ஒரு நாளுக்குள் அவருக்கு ஒரு தாக்குதல் வந்தது. பதிவில் இதயத் துடிப்பு 128 வரை ஏறியிருந்தது. ஏறிய விதமும் இறங்கிய விதமும் படிப்படியானவை, தாளம் முழுக்க இயல்பானது. மாடிப்படி ஓடி ஏறும் ஆரோக்கியமான மனிதரின் இதயம் செய்வதையே அவர் இதயமும் செய்திருந்தது.

முடிவுகளும் காரணங்களும்

*வண்டி ஓட்டலாமா?*

முதலில் எடுக்க வேண்டியிருந்ததும் கடினமானதும் இந்த முடிவுதான். பீதித் தாக்குதலில் ரத்த அழுத்தம் பொதுவாக ஏறும், மயக்கம் வருவதற்கோ அது இறங்க வேண்டும். அதனால்தான் மயங்கிவிடுவோம் என்று அஞ்சுபவர்கள் ஏறக்குறைய யாரும் மயங்குவதில்லை. இவரும் ஒருமுறைகூட நினைவிழக்கவில்லை. பணியில் தாக்குதல் வந்த ஒவ்வொரு முறையும் வண்டியைப் பத்திரமாக நிறுத்தியிருந்தார். ஆகவே தாக்குதலைவிட என்னை அதிகம் கவலைப்படுத்தியது அல்பிரசோலம். அது தூக்கத்தையும் எதிர்வினைத் தாமதத்தையும் தரும் மருந்து. அதை எடுத்துக்கொண்டு ஐம்பது அறுபது பேரோடு மலைச்சாலையில் ஓட்ட அனுமதிக்க முடியாது. அதைத் திடீரென நிறுத்தவும் கூடாது. பீதி பலமடங்காகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். எனவே அந்த மாத்திரை முழுக்க விலகும் வரை ஸ்டீயரிங் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அவருக்கு அது இடியாக இறங்கியது. மனநலக் காரணம் என்று சான்றிதழில் எழுதினால் பணிமனையில் தலை காட்ட முடியாது, ஓட்டுநர் வேலையே போய்விடும் என்றார். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு நோய் பற்றிய தகவலை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. பிறருக்குத் தீங்கு நேராமல் தடுக்க, அதற்குத் தேவையான அளவு தகவலை மட்டும் வெளியிடலாம் என்ற விலக்கும் அதே பிரிவில் உண்டு. இரண்டையும் அவருக்கு விளக்கினேன். ஒளிவுமறைவின்றிப் பேசிய பிறகு அவரே ஓட்டுவதை நிறுத்த ஒப்புக்கொண்டதால் விலக்கைப் பயன்படுத்தும் தேவை எழவில்லை. “தற்போது எடுத்துவரும் மருந்துகள் காரணமாக மூன்று மாதம் வாகனம் ஓட்டும் பணி தவிர்க்கப்பட வேண்டும், அதன்பின் மறுமதிப்பீடு” என்று மட்டும் எழுதினேன். கணிப்பின் பெயர் இல்லை. கிளை மேலாளர் அவருக்குப் பணிமனைக்குள்ளேயே இலகுப் பணி ஒதுக்கினார். எங்கள் வேலையைப் பாதி எளிதாக்கிய உதவி அது. முழு விடுப்பில் வீட்டில் முடங்கியிருந்தால் தவிர்ப்பு இன்னும் வேரூன்றியிருக்கும்.

*என்ன நடக்கிறது என்று சொல்வது*

மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் விளக்கத்துக்கு நேரம் ஒதுக்கினோம். இதை நான் சிகிச்சைக்கு முந்தைய சடங்காகக் கருதுவதில்லை. பீதி நோயில் விளக்கமே சிகிச்சையின் முதல் தவணை.

உடல் ஆபத்தை உணரும்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயமும் மூச்சும் வேகமெடுக்கின்றன. ஓடவோ சண்டையிடவோ செய்தால் அந்த மூச்சு முழுவதும் செலவாகும். நாற்காலியில் உட்கார்ந்தபடி வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்கிவிடும். ரத்தம் சற்றே காரத்தன்மை அடையும், அதில் தனித்து உலவும் கால்சியம் குறையும், நரம்புகள் எளிதில் தூண்டப்படும். உதடும் விரலும் மரத்துப்போவதும், விரல்கள் விறைத்துக் கூடுவதும் அதனால். மூளையின் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் கிறுகிறுப்பும், சுற்றியிருப்பவை நிஜமல்ல என்ற உணர்வும். ஆக்சிஜன் 99 சதவீதம் இருக்கும்போதும் மூச்சுப் போதவில்லை என்று தோன்றுவதும் இந்தக் குழப்பத்தால்தான்.

சொன்னால் மட்டும் போதாது என்பதால் உளவியலாளர் அவரை ஒரு நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சுவிடச் செய்தார். நாற்பதாவது வினாடியில் நோயாளி நிறுத்திவிட்டார். விரல்களைப் பார்த்தார். “இதே விறைப்புதான்” என்றார். பிறகு ஹோல்ட்டர் பதிவை மேசைமேல் விரித்தோம். தாக்குதல் வந்ததாக அவர் குறித்திருந்த நேரத்தையும் இதயத்தின் தாளத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். வெகுநேரம் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “அப்படியென்றால் எஞ்சினில் பழுதில்லை. ஆயில் லைட்டுக்குப் போகும் ஒயரில்தான் கோளாறு.” அதைவிடத் தெளிவாக எங்களால் சொல்லியிருக்க முடியாது.

நெஞ்சில் ஒரு துடிப்பு, அதற்குச் சாவு என்ற பொருள், அந்தப் பொருளால் மேலும் அட்ரினலின், அதனால் மேலும் துடிப்பு. இந்தச் சுழலை 1986இல் தெளிவாக வகுத்துக் காட்டியவர் பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க். உடலுணர்வுக்குத் தரும் பேரழிவுப் பொருள்தான் சுழலை ஓட வைக்கிறது என்பது அவர் கருத்து. இது புது நோயா, எனக்கு மட்டும்தானா என்று நோயாளி கேட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் இதய நோய் இல்லாமலே வந்த படபடப்பையும் நெஞ்சு வலியையும் ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இலேயே விரிவாகப் பதிவு செய்திருப்பதைச் சொன்னேன். போர் வீரர்களுக்கே வந்தது என்பது நம்மவருக்கு ஆறுதலாக இருந்தது. கோழை என்று தன்னைத் திட்டிக்கொள்வதை அதன்பின் குறைத்துக்கொண்டார்.

*மருந்து*

பீதி நோய்க்குத் தரும் செர்ட்ராலின் என்ற மருந்தை 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தில் 50 ஆக்கினோம். தூக்க மயக்கம் குறைவு, பழக்கமாகிவிடும் அச்சம் இல்லை என்பதால் ஓட்டுநருக்கு ஏற்றது. முதல் இரு வாரங்களில் படபடப்பு சற்றுக் கூடலாம், பலன் தெரியச் சில வாரம் ஆகும் என்பதை எழுதியே கொடுத்தோம். அல்பிரசோலம் நாளுக்கு 1 மில்லிகிராம் என்ற அளவிலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை 0.25 வீதம் குறைப்பது என்று முடிவு. நாக்கடி மாத்திரையை இதய மருத்துவரின் ஒப்புதலோடு அன்றே நிறுத்தினோம். தேநீர் நாளுக்கு மூன்றாகக் குறைந்தது. சிகரெட்டை விடுவது தாமதமானது.

சிகிச்சை நடந்த விதம்

வாரம் ஒரு சந்திப்பு. முதலில் அவர் சுமந்து திரியும் பாதுகாப்புகளின் பட்டியல் போடப்பட்டது: தண்ணீர் பாட்டில், சட்டைப்பை மாத்திரை, நாடி பார்ப்பது, மனைவியின் அழைப்பு, கதவோர இருக்கை, இசிஜி பை. தாக்குதல் தானாகத் தணியும் ஒவ்வொரு முறையும், இவற்றில் ஒன்றுதான் தன்னைக் காப்பாற்றியது என்று மனம் எழுதிக்கொள்கிறது. அதனால் சாவு வரவில்லை என்ற பாடம் மனதில் பதிவதே இல்லை. ஒவ்வொன்றாக விலக்கினோம், எளிதானது முதலில். நாடியை விடுவதுதான் கடைசி வரை கடினமாக இருந்தது.

உடலுணர்வுகளை வேண்டுமென்றே வரவழைக்கும் பயிற்சி அடுத்தது. மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மூச்சுவிடுதல், சுழலும் நாற்காலியில் சுற்றுதல், நின்ற இடத்திலேயே ஓடுதல், மாடிப்படி. படபடப்பு வந்ததும் அடக்க முயலாமல் அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூச்சைப் பற்றித் தந்த அறிவுரை ஒன்றே ஒன்று: ஆழமாக இழுக்க வேண்டாம், மெதுவாக விடுங்கள். காகித உறைக்குள் மூச்சுவிடும் பழைய முறையைத் தவிர்த்தோம். ஒருவேளை உண்மையான இதய, நுரையீரல் சிக்கலாக இருந்தால் அது ஆபத்து.

இரண்டாம் வாரத்தில் எதிர்பார்த்தபடியே படபடப்பு கூடியது. செர்ட்ராலினை மூன்று நாள் நிறுத்திவிட்டார். மனைவி தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். அளவை மீண்டும் 25க்குக் கொண்டுவந்து மெதுவாக ஏற்றினோம். மனைவியை அடுத்த சந்திப்புக்கு அழைத்தோம். ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை “எனக்கு ஒன்றும் ஆகாதே?” என்று அவர் கேட்பதும், “ஒன்றும் ஆகாதுங்க” என்று இவர் சொல்வதும் வீட்டில் வழக்கமாகியிருந்தது. அன்பினால் சொல்லும் அந்த விடையும் ஒரு மாத்திரைபோலத்தான் வேலை செய்கிறது, அரை மணியில் தீர்ந்துவிடும் என்று விளக்கினோம். அதற்குப் பதில் “இப்போது என்ன செய்யச் சொல்லியிருக்கிறார்கள்?” என்று திருப்பிக் கேட்கப் பழகினார். முதல் வாரம் கல்நெஞ்சக்காரி என்று பேச்சு வாங்கியதாகச் சொன்னார்.

எட்டாம் வாரத்தில் அல்பிரசோலம் முற்றிலும் நின்றது. அடுத்த வாரம் நள்ளிரவில் கடுமையான தாக்குதல். ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்குப் போய் இசிஜி எடுத்துக்கொண்டார். எல்லாம் வீணாகிவிட்டது என்ற முகத்தோடு மறுநாள் வந்தார். அந்த மருந்து விலகும் காலத்தில் இப்படி எழும்பித் தணிவது உண்டு. வாரத்துக்கு மூன்றாக இருந்த தாக்குதல் ஐந்து வாரத்துக்கு ஒன்றாகியிருப்பதை அவருடைய குறிப்பேட்டிலிருந்தே காட்டினோம். மருந்தின் அளவைக் கூட்டவில்லை, பயிற்சியைத் தொடர்ந்தோம்.

மீண்டும் கணவாய்

கணவாயை முதலில் பயணியாகக் கடந்தார். ஜன்னலோரம், மனைவி பக்கத்தில். அடுத்த முறை தனியாக, நடு இருக்கையில். பிறகு ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில். மேட்டில் ஏறும்போது படபடப்பு பத்துக்கு எட்டு என்று குறித்தவர், இறங்கி முடிப்பதற்குள் மூன்றுக்கு வந்திருந்தார். கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போன பயணம்தான் திருப்புமுனை என்று உளவியலாளர் கருதுகிறார். எனக்கு அந்த இடத்தில் மாறுபட்ட எண்ணம் உண்டு: சட்டைப்பையில் மாத்திரை இல்லாமல் போனதுதான் பெரிய அடி.

பன்னிரண்டாம் வாரத்தில் அளவுகோலில் மதிப்பு 9. மருந்து மயக்கம் எதுவும் இல்லை. பணிமனை வளாகத்தில் காலிப் பேருந்தை ஓட்டினார். பிறகு மூத்த ஓட்டுநர் உடனிருக்க நகர வழித்தடம். ஐந்தாம் மாதம் தேனி வழித்தடம் திரும்பக் கிடைத்தது. தாக்குதல் வந்தால் செய்ய வேண்டியதை முன்பே பேசி வைத்திருந்தோம்: வேகத்தைக் குறை, இடம் பார்த்து நிறுத்து, தணிந்தபின் எடு. இதை அவர் முதல் நாளே யாரும் சொல்லித்தராமல் செய்தவர் என்பதை மீண்டும் நினைவூட்டினோம்.

விளைவு

ஆறாம் மாத மதிப்பு 4. முழுத் தாக்குதல் எதுவும் இல்லை. நெஞ்சில் துடிப்பு தவறும் உணர்வு மட்டும் மாதத்தில் ஓரிரு முறை வந்தது. “வந்தது, போனது” என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு கோடையில் கொளுத்தும் வெயிலில் போக்குவரத்து நெரிசலில் ஒருமுறை படபடப்பு ஏறியது. நிறுத்தாமலே ஓட்டி முடித்தார். பலன் கிடைத்த பிறகும் ஓராண்டு செர்ட்ராலினைத் தொடர்ந்து, பின்னர் சில மாதத்தில் படிப்படியாக நிறுத்தினோம். நிறுத்தும் தேதியை மகளின் கல்லூரிச் சேர்க்கை முடியும் வரை அவர் தள்ளிவைத்தார். அது நியாயமான விருப்பம் என்றே நினைத்தோம். மருந்து இல்லாத ஆறாம் மாதச் சந்திப்பு வரை நலமாக இருக்கிறார். சிகரெட் நாளுக்கு ஒன்று இரண்டு இன்னும் இருக்கிறது. தந்தையின் வரலாறு இருப்பதால் ஆண்டுதோறும் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அது அச்சத்தில் செய்வது ஆகாது என்று சொல்லியிருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, குறித்த தேதியில், அதற்கு மேல் இல்லை.

மாற்ற வேண்டியவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் பிரிவில், பீதி நோயாளியின் துணைவரையோ பெற்றோரையோ முதல் சந்திப்பிலேயே உடன் உட்கார வைத்து, ஆறுதல் விடை பற்றிய பேச்சை அன்றே தொடங்குகிறோம். அல்பிரசோலம் போன்றவற்றை எடுப்பவரா, என்ன வேலை, வாகனமோ இயந்திரமோ இயக்குபவரா என்ற கேள்விகள் பதிவுத் தாளின் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டன.

பணிமனை ஓட்டுநர்களுக்குக் கண்ணும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுகின்றன. தூக்கம் எப்படி, படபடப்புக்கு மாத்திரை எடுக்கிறீர்களா என்ற இரு கேள்விகளும் அங்கே வேண்டும். உண்மையைச் சொன்னால் வேலை போகாது என்ற உறுதியும் அந்தக் கேள்விகளோடு சேர்ந்தே வர வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் எழுதுவார்கள். சக பணியாளர் பணியில் இறந்துபோனால், உடனிருந்தவர்களை அழைத்துப் பேச ஒரு மணி நேரமாவது ஒதுக்கப்பட வேண்டும்.

அவசரப் பிரிவுகளுக்காக அரைப்பக்கத் தாள் ஒன்றைத் தயாரித்திருக்கிறோம். இதயப் பரிசோதனை சீராக வந்து, பீதித் தாக்குதல் என்று மருத்துவர் கருதினால் கையில் கொடுப்பதற்கு. அதில் இருப்பவை: உங்களுக்கு வந்தது பீதித் தாக்குதலாக இருக்க வாய்ப்பு அதிகம், அது உண்மையான உடல் நிகழ்வு, சில நிமிடத்தில் உச்சமடைந்து தணியும், சிகிச்சை இருக்கிறது. மார்பு வலி உழைக்கும்போது வந்து ஓய்வில் தணிந்தாலோ, நினைவு தப்பினாலோ, வலி முன்பு இல்லாத வகையில் இருந்தாலோ காத்திராமல் 108ஐ அழையுங்கள். மற்ற நேரத்தில், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசுங்கள். தாளின் கீழே, அன்றைய இசிஜி எடுத்த தேதியையும் அடுத்த சந்திப்பு நாளையும் பணி மருத்துவர் தன் கையால் நிரப்ப இரண்டு கோடுகள் விட்டிருக்கிறோம்.